பல்லு வெட்டின கடதாசி

எங்கட வகுப்பு லீடர் போன கிழமை பள்ளிக்கூடத்து வட்ஸ்அப் குறூப்பில போட்டவர்: பள்ளிக்கூட மலருக்கு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கோ, நாங்கள் படிக்கேக்க டவுனில என்னென்ன கந்தோர் இருந்தது, சனத்துக்கு என்னென்ன வசதி கிடைச்சுது எண்டு. தபால் கந்தோர் ஒராளுக்கு, நெல்லுக் களஞ்சியம் ஒராளுக்கு, பஸ் ஒராளுக்கு. எனக்கு ஆஸ்பத்திரி. எனக்கு லேசா இருக்கட்டும் எண்டு தானே ஒரு வரியும் எழுதி அனுப்பினவர்: "குடிகார அப்போதிக்கரி ஒருத்தர் மருந்தை மாத்திக் குடுத்து ஒரு பிள்ளை சாகப் பாத்தது, ஊர் பெட்டிசம் போட்டு ஆளைக் கலைச்சது." அதுக்குக் கீழ எல்லாரும் சிரிச்சுப் போட்டிருக்கிறீங்கள். அந்தப் பிள்ளையும் சிரிச்சிருக்கு. அது என்ர தம்பி. இப்ப கனடாவில கொலஸ்ட்ரோலுக்குக் குளிசை போட்டுக்கொண்டு இருக்கிறான்.

சரி, எழுதுறன். கெதியா ரைப் பண்ணுறன், நிண்டு யோசிச்சா விட்டிடுவன். ஐம்பது வருசமா அப்பிடித்தான் விட்டனான்.

டவுன் எண்டு நாங்கள்தான் சொன்னனாங்கள். கிளிவெட்டிப் பக்கத்தால வாற பஸ்ஸில இருந்து பாத்தா வயல், பிறகும் வயல், ஒரு மதகு, ரெண்டு பக்கமும் கொஞ்சம் கட்டிடம், திரும்பவும் வயல். ஒரு கொட்டாவி விட்டு முடிக்க டவுன் முடிஞ்சிடும். ஆனா கந்தோருக்குக் குறைவில்லை. வாய்க்கால்ல தண்ணி திறக்க ஒண்டு, விதைநெல்லுக்கு ஒண்டு, நெல்லை நிறுத்து எடுக்க ஒண்டு, கிராமசபைக்கு ஒண்டு. ஒவ்வொரு கந்தோருக்கு முன்னாலயும் ஒரு வாங்கு, ஒவ்வொரு வாங்கிலயும் குந்திக்கொண்டு சனம். எங்கட டவுனின்ர பெரிய தொழில் வயல் எண்டு நீங்கள் எழுதுவீங்கள். பொய். பெரிய தொழில் காத்திருக்கிறது.

அதோட எல்லா இடத்துக்கும் பொதுவா ஒரு சட்டம், போத்தல் கொண்டு போகவேணும். கூட்டுறவுச் சங்கக்கடையில மண்ணெண்ணெய்க்குப் போத்தல், தேங்காயெண்ணெய்க்கு வேற போத்தல். சங்கத்துக்குப் பின்னால, வயலுக்கு அடிக்கிற பூச்சியெண்ணெய் பெரிய பீப்பாயில கிடக்கும், அதுக்கும் போத்தல். ஆஸ்பத்திரியில கலக்கின மருந்து அண்டாவில இருக்கும், அதுக்கும் நாங்கள்தான் போத்தல் கொண்டு போகவேணும். தபால் கந்தோருக்கு மட்டும் வெறுங்கையோட போகலாம்.

வெளிநாட்டுச் சாமான் வராத காலம், பாணுக்குக் கியூ நிண்ட காலம், ஞாபகம் இருக்கோ? போத்தல் ஒண்டு உடைஞ்சா வீட்டில செத்தவீடு. யார் வீட்டுப் போத்தல் எதெண்டு எங்களுக்குப் பாத்த உடன தெரியும். பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவை ராத்தா எண்டு கூப்பிடுவம், அவவிட்ட ஒரு பன்னீர்ப் போத்தல் இருந்தது, கழுத்து நீளம். அவ அதைக் கொண்டு றோட்டால போனா பெண்டுகள் திரும்பிப் பாப்பினம், சங்கிலி பாக்கிற மாதிரி.

எங்கட வீட்டில ரெண்டு. ஒண்டு பூச்சியெண்ணெய்க்கு. அதின்ர கழுத்தில அம்மாவின்ர பழைய சட்டையில கிழிச்ச சிவப்புத் துணி கட்டியிருக்கும், வெளியில கூரைக்குக் கீழ ஆணியில தொங்கும். எல்லா வீட்டிலயும் அப்பிடித்தான், சிவப்புத் துணி எண்டா தொடக் கூடாது. மற்றது மருந்துப் போத்தல், குசினித் தட்டில. அதின்ர அடையாளம் துணி இல்லை, பல்லு.

பல்லு எண்டா உங்களுக்கு விளங்கும், உங்கட பிள்ளையளுக்கு விளங்காது. அப்போதிக்கரி ஐயா மருந்தை ஊத்தினாப் பிறகு ஒரு துண்டுக் கடதாசியை மடிச்சு, கத்தரிக்கோலால ரெண்டு வெட்டு வெட்டுவார். விரிச்சா ஓரம் முழுக்கப் பல்லுப் பல்லா இருக்கும். அதில பேரை எழுதி, மாப்பசை பூசிப் போத்தல்ல நெடுக்க ஒட்டுவார். "காலமை ஒரு பல்லு, பின்னேரம் ஒரு பல்லு, விளங்கிச்சோ?" எழுத வாசிக்கத் தெரியாத ஆளுக்கும் விளங்கும். மருந்து ஒவ்வொரு பல்லாக் கீழ இறங்கும். எங்கட தம்பி இருமல்காரன். நாலு வயசு. அவன்ர பேர் எழுதின கடதாசி அந்தப் போத்தல்ல ஒட்டினபடியே கிடந்தது, மருந்து முடிய முடிய அதிலயே வாங்கினம்.

ஐயா தனி ஆள். வேற ஊர். ஆஸ்பத்திரிக்குப் பின்னால குவாட்டஸ். மெல்லிசு, உயரம், கண்ணாடி. எந்தப் போத்தலைக் குடுத்தாலும் முதல்ல மூக்குக்குக் கிட்டப் பிடிச்சு மணப்பார். மண்ணெண்ணெய் மணந்தாத் திருப்பித் தந்திடுவார். அதால நாங்கள் வச்ச பேர் மூக்கர். அவற்ற பின்வளவில போத்தல் குவிஞ்சு கிடக்கும், சாராயப் போத்தலும் உட்பட. பக்கத்தில ஒரு தகர டிரம் எப்பவும் அடுப்பில கொதிச்சுக்கொண்டு இருக்கும். மனுசன் சுடுதண்ணியில குளிக்கிறார், பெரிய ஆள்தான் எண்டு நாங்கள் பகிடி பண்ணினம்.

அந்தச் சிறுபோகம் அறக்கொட்டியான் பூச்சி விழுந்த போகம். காலமை பச்சையா இருக்கிற வயல், ரெண்டு நாளில நடுவில வட்டம் வட்டமாக் கருகிப்போய்க் கிடக்கும். எல்லாரும் பம்பைத் தோளில போட்டுக்கொண்டு பூச்சியெண்ணெய் அடிக்கத் தொடங்கிட்டினம். டவுன் முழுக்க அந்த மணம். பள்ளிக்கூட மேசையில மணம், பஸ் சீட்டில மணம், சோத்தில கூட. தொண்டைக்குள்ள பித்தளையை வச்ச மாதிரி ஒரு ருசி.

ஒரு சனிக்கிழமை. எனக்குப் பத்து வயசு. அப்பா வயலுக்குள்ள பம்போட நிக்கிறார், என்னைச் சங்கத்துக்கு அனுப்பினவர். "ஓடிப் போய் ஓடி வா, காத்து எழும்ப முதல் அடிக்கவேணும்." நான் ஓடேல்ல. மதகுக் கட்டில ஏறி, ரெண்டு கையையும் விரிச்சு, சர்க்கஸ்காரி மாதிரி நடந்தன். சிவப்புத் துணிப் போத்தல் கையில. கால் சறுக்கேல்ல, கைதான் சறுக்கினது. கீழ கல்லு. ஒரு சத்தம்தான்.

அப்பா அடிக்கிற ஆள் இல்லை. கதைக்காம விடுற ஆள். ஒருக்கா அரிக்கன் லாம்புச் சிமினியை உடைச்சதுக்குப் பதினொரு நாள் என்னோட கதைக்கேல்ல. அடி வாங்கியிருக்கலாம். அந்தப் பதினொரு நாளை நினைச்சுத்தான் நான் வீட்டுக்கு ஓடினனான்.

அம்மா வாய்க்கால்ல உடுப்புத் தோய்க்கிறா. தம்பி பாயில நித்திரை. மருந்துப் போத்தல்ல ரெண்டு பல்லு மருந்து மிச்சம். அதை நான் குடிச்சன், இனிப்பும் உறைப்புமா நல்லாத்தான் இருந்தது. வெறும் போத்தலை எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் பறந்தன்.

சங்க மனேஜர் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு பீப்பாயடியில நிண்டார். போத்தலை வாங்கிப் பாத்தார்.

"இது மூக்கரின்ர போத்தலெல்லோ. உங்கட மற்றது எங்க?"

"அது வெடிச்சுப் போச்சு. இதை இனி மருந்துக்கு எடுக்க மாட்டம்."

"கொப்பர் சொன்னவரோ?"

"ஓம். வயலுக்க நிக்கிறார், கெதியா வரட்டாம்."

பின்னால பத்துப் பேர் நிக்கினம், எல்லாருக்கும் அவசரம். புனலை வச்சு ஊத்திட்டார். நான் சிவப்புத் துணியைக் கழுத்தில கட்டி, அதின்ர வாலைக் கடதாசிக்கு மேல இழுத்துவிட்டன். அப்பா போத்தலைப் பாக்கவே இல்லை. வானத்தைப் பாத்துக்கொண்டு பம்புக்க கவிட்டுப்போட்டுத் திருப்பித் தந்தவர்.

அடுத்த நாள் சாராயம் விக்கிற தவறணைக்குப் பின்னால வாய் உடைஞ்ச சாராயப் போத்தல் ஒண்டு எடுத்தன். சிவப்புத் துணியை அதுக்குக் கட்டி, உரலில ஏறி ஆணியில தொங்கவிட்டன். மருந்துப் போத்தலை அம்மாக்குத் தெரியும், அது தட்டில இருந்தே ஆகவேணும். சாம்பல் போட்டு, மணல் போட்டு, புளி போட்டு உள்ளுக்கு மூண்டு தரம் குலுக்கிக் கழுவினன். வெளிப்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணி படவிடேல்ல, பல்லுக் கடதாசி நனைஞ்சிடும் எண்டு. அவ்வளவு கவனம் எனக்கு.

திங்கட்கிழமை தம்பிக்குத் திரும்பவும் இருமல். பள்ளிக்கூடத்தால வந்த உடன அம்மா போத்தலைத் தந்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னவ. ஏலாது எண்டு சொல்லியிருக்கலாம். சொல்லேல்ல. மூண்டு தரம் கழுவினதுதானே எண்டு மனசுக்குள்ள கணக்கு.

ஐயா போத்தலை மணந்தார். தள்ளிப் பிடிச்சிட்டுத் திரும்பவும் மணந்தார்.

"பிள்ளை, இதில வேற என்னவும் விட்டனீங்களோ?"

"இல்லை ஐயா."

"மணக்குது."

எனக்குப் பின்னால நிண்ட ஆள் சொன்னார், "ஐயா, இப்ப என்ர மனுசியும் அதே மணம்தான், எங்க கொண்டு போய்க் கழுவிறது?" வாங்கில இருந்த எல்லாரும் சிரிச்சினம். ஐயாவும் கொஞ்சம் சிரிச்சவர். தன்ர கையை மணந்து பாத்தார். அதுவும் மணந்திருக்கும், அந்தக் கிழமை எல்லாற்ற கையும் மணந்தது.

"உண்மையாத்தானே?"

"ஓம் ஐயா. நீங்கள் ஒட்டின கடதாசி அப்பிடியே கிடக்கு, பாருங்கோ."

பாத்தார். தன்ர எழுத்து, தன்ர பல்லு, தம்பியின்ர பேர். ஊத்தினார்.

அம்மா ஒரு பல்லுத்தான் குடுத்தவ. கொஞ்ச நேரத்தில தம்பிக்கு வாயால நீர் வடியத் தொடங்கிச்சு. வேர்வை. சத்தி எடுத்தான். கை கால் துடிக்குது, கண்மணி ஊசி முனை மாதிரிச் சின்னனாப் போச்சு. அம்மா கத்தின சத்தத்துக்கு ராத்தா ஓடி வந்தவ. ராத்தாட மனுசன், நாங்கள் காக்கா எண்டு கூப்பிடுறவர், ட்ராக்டரை எடுத்தார். மூதூர் இறங்குதுறைக்குப் போய், லோஞ்சில குடாவைக் கடந்து, திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்கு. அப்பாவும் அம்மாவும் தம்பியோட போயிட்டினம். என்னை ராத்தாட்ட விட்டினம்.

ட்ராக்டர் மறைஞ்ச உடன நான் செய்த முதல் வேலை, மருந்தோட போத்தலைக் கொண்டு போய்ப் பெரிய வாய்க்கால்ல எறிஞ்சது.

பொழுது சாய முதல் ஐயா சைக்கிளில வந்தார். ஆரிட்டயோ கேள்விப்பட்டிருக்கிறார். மூச்சு வாங்குது.

"பிள்ளை, அந்தப் போத்தல் எங்க?"

"உடைஞ்சு போச்சு ஐயா."

"துண்டு எங்க கிடக்கு?"

"வாய்க்காலுக்க."

"புள்ள பயந்து போய்க் கிடக்கு ஐயா," எண்டா ராத்தா. "நாளைக்குக் கேளுங்களன்."

"நாளைக்குக் கேட்டு என்ன செய்ய, தங்கச்சி." வாசல்படியில இருந்தார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "பிள்ளை, நான் உன்னை ஏச வரேல்ல. உள்ளுக்கு என்ன இருந்ததெண்டு தெரிஞ்சா அங்க அதுக்குரிய மருந்தைக் குடுப்பினம். அதுக்குத்தான் கேக்கிறன். முதல் அந்தப் போத்தல்ல என்ன இருந்தது?"

எனக்கு விளங்கினது ஒண்டுதான். இவர் அப்பாட்டச் சொல்லப் போறார், அப்பா இனி என்னோட கதைக்க மாட்டார். அதுக்காக நான் வாயைத் திறக்கேல்ல. தம்பி அங்க செத்துக்கொண்டு இருக்கிறான் எண்டது எனக்குத் தெரியும். தெரியாது எண்டு இப்ப எழுதினா அது அடுத்த பொய்.

அவர் என்ர கையை எடுத்து மணந்தார். அவ்வளவுதான். எழும்பிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிட்டார். நேர போனது தபால் கந்தோருக்கு. பூட்டிக் கிடந்ததைப் போஸ்ட்மாஸ்டரைக் கூப்பிட்டுத் திறப்பிச்சு, பெரியாஸ்பத்திரிக்குத் தந்தி அடிச்சவர். பூச்சியெண்ணெயா இருக்கும், அதுக்குரியதைக் குடுங்கோ எண்டு.

தம்பி தப்பினான். நாலாம் நாள் அப்பா வந்து ராத்தா வீட்டு முத்தத்தில நிண்டு சொன்னார், "டொக்டர் சொன்னவர், தந்தி வந்தபடியால்தான் தப்பினவனாம்."

எனக்கு நெஞ்சு லேசாப் போச்சு. ஐயாக்கு இனி மாலை போடுவினம் எண்டு நினைச்சன். பத்து வயசு மண்டை.

"அப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்கு," எண்டார் சங்க மனேஜர். அவரும் விசாரிக்க வந்து நிண்டவர். "பாக்காத பிள்ளைக்கு என்ன நஞ்சு எண்டு இங்க இருந்து எப்பிடித் தெரியும்? தான் விட்டதாலதானே தெரியும்."

அப்பா வேலிக்கு மேலால எங்கட வீட்டு ஆணியைக் காட்டினார். "எங்கட எண்ணெய்ப் போத்தல் அந்தா தொங்குது, சிவப்புத் துணியோட. வந்து பாருங்கோ ஆரும். எங்கட வீட்டில பிழை நடக்கேல்ல." வந்து பாத்தினம். துணியைத்தான் பாத்தினம். வாய் உடைஞ்சு கிடந்ததை ஒருத்தரும் பாக்கேல்ல.

மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுத முடிவாச்சு. எங்கட டவுனில எல்லாக் கந்தோரையும் விட நல்லா வேலை செய்த சேவை அதுதான், பெட்டிசம். பஸ் பிந்தினாப் பெட்டிசம், தண்ணி பிந்தினாப் பெட்டிசம். அடுத்த நாள் சங்க மண்டபத்தில மேசை போட்டினம். எழுத ஆள் வேணும். "இவவின்ர எழுத்து முத்து முத்தா இருக்கும், பள்ளிக்கூடத்தில பரிசு எடுத்தவ," எண்டு அப்பா என்னைத்தான் இருத்தினார். கதிரை உயரம், கால் நிலத்தில முட்டேல்ல.

மனேஜர் சொல்லச் சொல்ல எழுதினன். "மேற்படி அப்போதிக்கரி அவர்கள் குடிபோதையில்..." அதில பேனை நிண்டுது.

"அவர் குடிக்கிறவரோ?" எண்டு கேட்டன்.

"பின்வளவில குவிஞ்சு கிடக்கிறது என்ன, பால் போத்தலோ?" எல்லாரும் சிரிச்சினம். பிறகு மனேஜர் குனிஞ்சு, மைப்போத்தலை எனக்குக் கிட்ட நகத்திக்கொண்டு, பதமாச் சொன்னார், "எழுது பிள்ளை. ரெண்டு பேருக்கும் நல்லது."

அப்பா தலை ஆட்டினார். ரெண்டு பேர் எண்டா நானும் தம்பியும் எண்டு அவர் நினைச்சார். பூச்சியெண்ணெயை மருந்துப் போத்தல்ல ஊத்தினது ஆரெண்டு அந்த மண்டபத்தில ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தர் சொல்லச் சொல்ல மற்றவ எழுதினா.

மனேஜர் கெட்ட மனுசன் இல்லை, கேட்டுக்கொள்ளுங்கோ. அஞ்சு பிள்ளை, அந்த வேலைதான் சோறு. பயந்திட்டார். நான் பயந்த மாதிரித்தான். இந்த வயசில அதுதான் எனக்கு எல்லாத்தையும் விட அலுப்பாக் கிடக்கு. கோவிக்கக் கூட ஒரு ஆள் இல்லை.

முழு டவுனும் ஒப்பம் வச்சுது. உங்கட அப்பாமாரும்தான். ராத்தா மட்டும் மாட்டன் எண்டவ. "அந்த மனுசன்ட வாயில ஒரு நாளும் சாராய மணம் நான் கண்டதில்ல. எண்ட நாலு புள்ளைக்கும் மருந்து தந்தவர்." ஆனா காக்கா வச்சிட்டார், சங்கத்தில ட்ராக்டருக்கு டீசல் எடுக்கிற ஆள், என்ன செய்ய.

ஒரு மாசத்துக்குள்ள ஐயாக்கு இடமாற்றமோ வேலை நிப்பாட்டோ வந்திட்டுது. எது எண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. நான் பள்ளிக்கூடம் போற வழியில, பஸ் நிக்கிற இடத்தில, தகரப் பெட்டிக்கு மேல இருந்தார். தனிய. நான் மற்றப் பக்கத்தால போகப் பாத்தன். கூப்பிட்டார்.

"தம்பி சாப்பிடுறானோ?"

"ஓம் ஐயா."

"இருமல்?"

"இப்ப இல்லை ஐயா."

பஸ் மதகடியில திரும்புற சத்தம் கேட்டுது. எழும்பிப் பெட்டியைத் தூக்கினார்.

"பின்வளவில போத்தல் கிடக்கு. எல்லாம் அவிச்சு வச்சது, இல்லாத ஆக்களுக்குக் குடுக்கவெண்டு. உனக்கு வேணுமெண்டா ஒண்டு எடு. கேட்டிருந்தா அண்டைக்கே தந்திருப்பன்."

பஸ்ஸில ஏறிட்டார். அவர் சுடுதண்ணியில குளிச்ச ஆள் இல்லை, மச்சான்மாரே. அந்த டிரம்மில போத்தல் அவிஞ்சுது.

நான் போய் எடுக்கேல்ல. எடுக்க ஏலேல்ல. ஆனா ஒரு கிழமைக்குள்ள குவியல் முடிஞ்சுது. ஒப்பம் வச்ச சனம்தான், கடகத்தோட போய் அள்ளிக்கொண்டு வந்தது. எங்கட அப்பா ரெண்டு கொண்டு வந்தவர். ஒண்டுக்குச் சிவப்புத் துணி கட்டினார்.

புது அப்போதிக்கரி வரேல்ல. பெட்டிசம் போடுற ஊர் எண்டு ஒருத்தரும் வர விரும்பேல்லயாம். ஆஸ்பத்திரி வாங்கில ஆடு படுத்துது. அந்த மாரியில வெள்ளம் றோட்டை மூடினது, குடா கொந்தளிச்சு லோஞ்ச் ஓடேல்ல, ராத்தாட கடைசி மகள் காய்ச்சலில செத்துப்போனா. ஆஸ்பத்திரி திறந்து கிடந்தாத் தப்பியிருப்பாவோ எண்டு எனக்குத் தெரியாது. ராத்தா என்னட்ட ஒரு வார்த்தை கேக்கேல்ல. பன்னீர்ப் போத்தலைக் கொண்டு வந்து எங்கட அம்மாட்டக் குடுத்தவ, இனி எனக்கு என்னத்துக்கு எண்டு. அது எங்க போச்சோ, எண்பத்திமூண்டுக் கலவரத்துக்கு முதலே காணாமப் போட்டுது.

பெட்டிசத்தின்ர எழுத்து அச்சு மாதிரி இருக்கெண்டு திருகோணமலைக் கந்தோரில சொன்னவையாம். அப்பா அதைச் சாகிறவரைக்கும் ஆக்களுக்குச் சொல்லிக்கொண்டு திரிஞ்சவர். நான் உண்மையைச் சொல்லேல்ல. முதல் பயத்தில, பிறகு அவர் பாவம் எண்டு, பிறகு அவர் இல்லை.

லீடர், ஒரு பக்கம் கேட்டாய், கூடிப்போச்சு. வெட்டுறதெண்டா டவுனைப் பற்றி எழுதினதை வெட்டு. முழுக்கப் போடாட்டிலும் பரவாயில்லை, நீ எழுதின அந்த ஒரு வரியை எடு. அவரைக் குடிகாரன் எண்டு முதல் முதல் மையால எழுதினது நான். சொல்லித் தந்தது வேற ஆள்தான், ஆனா கை என்ர.

தம்பி, இதை வாசிச்ச உடன போனில கோல் எடுக்காதை. நாளைக்கு எடு. நான் களைச்சுப் போனன்.